ஆமைத் தொட்டியின் நீரைத் தூய்மையாக வைத்திருத்தல்

நீராமை நீரிலேயே உண்ணும், நீரிலேயே கழிக்கும், உறக்கமும் பெரும்பாலும் நீரிலேயே. கரையிற் கிடக்கும் உணவை அது கவ்வினாலும், நீருட் சென்றாலன்றி விழுங்க முடியாது. ஆகையால் தொட்டியில் அடைக்கப்பட்ட ஆமைக்கு உண்ணும் இடமும் கழிக்கும் இடமும் ஒன்றே. குளத்தில் வாழும் ஆமைக்கு இதனால் தீங்கு நேர்வதில்லை. அங்கே நீர் மிகுதி. சேறும் பாசியும் நீர்ப்பூண்டுகளும் கழிவை ஏற்றுக்கொள்ளுகின்றன. தொட்டியில் அவ்வேலை முழுவதும் வளர்ப்பவரின் கையிலே தங்கியுள்ளது.

வீடுகளிற் பெரும்பாலும் நடப்பது இதுவே: குழந்தையின் உள்ளங்கையில் அடங்கத்தக்க ஆமைக்குஞ்சு ஒன்று வாங்கப்படுகிறது. அதனுடன் பிளாத்திக்குத் தட்டொன்றும் தரப்படுகிறது. ஒரு மாதம் வரையில் எல்லாம் நன்றாகவே தோன்றும். பின்னர்க் குஞ்சு கண்ணைத் திறவாது கிடக்கும், உணவை நாடாது. வீட்டார் உணவிற் குறை காண்பர், குளிர் என்பர். நீர் தெளிவாக இருப்பதால் அதன்மேல் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆயினும் தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே வளர்ப்பு ஆமைகள் பல மடிகின்றன.

வளர்க்கத்தக்க ஆமை

இலங்கையின் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழும் பாலாமையும் காராமையும் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காப்பைப் பெற்றவை. அவற்றைப் பிடித்து வீட்டில் வைத்திருத்தல் குற்றமாகும். உழவின்போது அகப்படும் ஆமையை அருகிலுள்ள நீர்நிலையிலேயே விட்டுவிடல் வேண்டும். பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளாகக் கொண்டுவரலாகாது. செல்லப் பிராணியாக மக்கள் வைத்திருப்பது பெரும்பாலும் கண்ணின் பின்னே செந்நிறக் கீற்றுடைய செங்காதாமையே. இது வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகைக்கு உரியது. இங்கே கூறப்படுவன இவ்வாமையை ஏற்கெனவே வைத்திருப்போருக்காகவே. புதிதாக வாங்கும்படி எவரையும் தூண்டுவதற்கன்று. வாங்கும்போது 3 சதமமீற்றர் நீளமுள்ள குஞ்சு, பெண்ணாயின் 25 சதமமீற்றருக்கு மேலும் வளரும். 20, 30 ஆண்டுகள் உயிர் வாழும். இதனை முன்னரே அறிந்திருந்தால் வாங்குவோர் தொகை பெரிதுங் குறைந்திருக்கும்.

நீர் கெடும் விதம்

ஆமையின் கழிவில் அமோனியாவும் யூரியாவும் உள்ளன. தின்னாது விட்ட உணவு அழுகும்போதும் அமோனியா உண்டாகிறது. அமோனியாவுக்கு நிறமில்லை. அதன் மணம் மூக்கிற்கு எட்டுமுன்னரே அது ஆமையின் கண்ணையும் தோலையும் எரிக்கத் தொடங்கிவிடும்.

வயலுக்கு யூரியாப் பசளை இடும் கமக்காரர் இதன் மறுபாதியை நன்கு அறிவர். மண்ணிலிட்ட யூரியா முதலில் அமோனியாவாகி, பின்னர் மண்ணிலுள்ள பற்றீரியாக்களால் நைத்திரைற்றாகவும், அதன்பின் நைத்திரேற்றாகவும் மாறுகிறது. நைத்திரேற்றைப் பயிர் உறிஞ்சுகிறது. தொட்டியிலும் நிகழ்வது அதுவே. ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக்கும். மற்றொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். முதலிரண்டும் நஞ்சு. மூன்றாவதாகிய நைத்திரேற்று, மிகுதியாகச் சேர்ந்தாலன்றிப் பெருந்தீங்கு செய்யாது. ஆனால் தொட்டியில் அதனை உறிஞ்சப் பயிரில்லை. ஆகவே நீரை மாற்றியே அதனை வெளியேற்றல் வேண்டும்.

இப்பற்றீரியாக்கள் நீரில் மிதந்து திரிவன அல்ல. கல், சுவர், வடிகட்டியிலுள்ள பஞ்சு முதலியவற்றின் மேற்பரப்பில் ஒட்டி வாழ்வன. ஒட்சிசன் இன்றேல் இறந்துபடும். புதிய தொட்டியில் அவை போதியளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். குஞ்சு வாங்கிய முதல் மாதத்திலேயே நோயுறுவதற்கு இது ஒரு பெருங் காரணம். அந்நாட்களில் நீரை அடிக்கடி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

நீரின் பீ.எச். பெறுமானமும் வெப்பமும் கூடும்போது அமோனியாவின் நச்சுத் தன்மையும் கூடுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையிலிருந்து வருவது. வெப்பமும் அங்கு அதிகம். எனவே மலைநாட்டில் ஒருவர் வாரமொருமுறை நீர் மாற்றித் தப்பக்கூடும். அதே அளவு தொட்டி வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தவர் அவ்வாறு தப்புதல் அரிது.

தொட்டியின் அளவு

ஆமையோட்டின் நீளத்தில் ஒவ்வொரு சதமமீற்றருக்கும் 15 இலீற்றர் நீர் என்பது பொதுவான கணக்கு. 12 சதமமீற்றர் ஆமைக்கு 180 இலீற்றர் வேண்டும். அந்நீர் மாத்திரம் 180 கிலோகிராம் நிறையுள்ளது. சாதாரண மேசை தாங்காது. வளர்ந்த பெண் ஆமைக்குக் கண்ணாடித் தொட்டி ஒவ்வாது. நிழல் விழும் இடத்திற் சீமெந்துத் தொட்டி கட்டுவதே நன்று. அதன் அடித்தளம் ஒரு மூலையை நோக்கிச் சரிந்திருத்தலும், அம்மூலையிலே நீர் வெளியேறும் குழாய் அமைந்திருத்தலும் வேண்டும். கட்டும்போது இதனைச் செய்யாதவர் பின்னர் ஒவ்வொரு வாரமும் முதுகொடிய வாளியால் அள்ளி இறைக்க நேரிடும். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு ஊறி நீரைக் காரமாக்கும். ஆகையால் வாழைத்தண்டுத் துண்டுகளை இட்டு நீர் நிரப்பி, சில நாட்களுக்கு ஒருமுறை வடித்து மீண்டும் நிரப்பி, இரண்டு மூன்று வாரங்கள் சென்ற பின்னரே ஆமையை விடவேண்டும்.

ஆமை முற்றாக ஏறி உலர்வதற்கு ஒரு கல்லோ பலகையோ இருத்தல் அவசியம். அதன்மேல் காலை வெயில் நேராகப் படவேண்டும். கண்ணாடியூடாக வரும் வெயில் இதற்கு உதவாது. கண்ணாடித் தொட்டி முழுவதையும் வெயிலில் வைத்தாலோ சிறிது நேரத்தில் நீர் கொதிப்பேறி ஆமை இறக்கும். நீர் 24 முதல் 28 பாகை செல்சியசு வரையில் இருத்தல் நன்று.

அடியில் சிறு சல்லிக்கல் பரப்புவது அழகாகத் தோன்றும்; ஆனால் கழிவெல்லாம் அதனிடையே தங்கி அழுகும். ஆமை கல்லை விழுங்குவதும் உண்டு. வெறும் அடித்தளமே சிறந்தது. கல் வைக்க விரும்புவோர் ஆமையின் தலையிலும் பெரிய கற்களையே வைத்தல் வேண்டும்.

உணவிலே தொடங்கும் அழுக்கு

தொட்டிக்குள் இடப்படாத அழுக்கைப் பின்னர் அகற்றவேண்டியதில்லை. ஆமை எப்போதும் பசித்ததுபோல் வாய் திறந்து வரும். அது பழக்கத்தால் வருவது. பசியென்று எண்ணி மேலும் மேலும் இடலாகாது. அதன் தலையின் பருமனளவு உணவு ஒரு வேளைக்குப் போதும். குஞ்சுக்கு நாள்தோறும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம். வளர வளர இலையுணவைக் கூட்டுக. கங்குன் கீரை இதற்கு ஏற்றது. சோறும் பாணும் நீரைப் பாலாகக் கலக்கிவிடும், ஆமைக்கும் உகந்தவையல்ல. கருவாட்டில் உப்பு மிகுதி. எண்ணெய்ப்பற்றுள்ள மீன் நீரின்மேற் படலமாகப் படியும். பழைய செய்தித்தாள் ஒன்றை நீர்மேல் விரித்து உடனே எடுத்தால் அப்படலம் தாளோடு வந்துவிடும்.

இன்னும் சிறந்த முறை ஒன்றுண்டு. உணவு கொடுப்பதற்கென வேறொரு பேசினை வைத்துக்கொண்டு, தொட்டி நீரின் வெப்பமுள்ள நீரை அதில் ஊற்றி, ஆமையை அரைமணி நேரம் அதில் விடுக. உண்ட சிறிது நேரத்தில் ஆமை பெரும்பாலும் கழித்துவிடும். உணவுத் துணுக்கும் கழிவும் பேசினோடு போய்விடும். நாளுக்கு அரைமணி நேர வேலைதான். ஆனால் பெரிய வடிகட்டி ஒன்றின் வேலையிற் பெரும்பகுதியை அது செய்துவிடுகிறது. இதற்கு நேரமில்லாதோர், மிஞ்சிய உணவைக் கால்மணி நேரத்துள் சிறு வலையால் அரித்தெடுத்தல் வேண்டும்.

வடிகட்டி

கடையில் மீன்தொட்டிக்கென விற்கும் வடிகட்டியின் பெட்டியில் அது எத்தனை இலீற்றருக்கு உரியதெனக் குறிக்கப்பட்டிருக்கும். ஆமையின் கழிவு மீனின் கழிவிலும் பன்மடங்கு. ஆகையால் தொட்டி நீரின் இரண்டு மூன்று மடங்கு அளவுக்கு உரிய வடிகட்டியையே தெரிந்தெடுக்க வேண்டும்.

வீட்டிலே செய்யவும் கூடும். மூடியுள்ள பிளாத்திக்கு வாளியின் அடிப்பக்கத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, தொட்டிக்கு மேலே உறுதியாக வைக்க வேண்டும். வாளியின் கீழ்ப்பாதியில் உடைந்த கூரையோட்டுத் துண்டுகளைக் கழுவி இடுக. ஓட்டுத் துண்டில் நுண்டுளைகள் மிகுதியாதலால் பற்றீரியா தங்க நல்ல இடமாகும். அதன்மேல் நுரைப்பஞ்சை இரண்டு அடுக்காக வைக்க வேண்டும். தொட்டியின் அடியிலுள்ள சிறு பம்பி நீரை வாளியின் மேற்புறம் ஏற்றும். நீர் பஞ்சில் அழுக்கை விட்டு, ஓட்டுத் துண்டுகளிடையே கசிந்து, கீழ்க்குழாய் வழியே தொட்டியுள் விழும். கீழ்க்குழாய் பம்பியின் குழாயிலும் அகலமானதாக இல்லாவிடின் வாளி நிரம்பி வழிந்து வீடு நனையும். பஞ்சுக்குப் பதிலாகத் தென்னந்தும்பை இடுவோர் உளர். தும்பு சாயம் விட்டு நீரைப் பழுப்பாக்குமாதலால் அது விரும்பத்தக்கதன்று. சிரட்டையிலிருந்து ஆலைகளிற் செய்யப்படும் உயிர்ப்பூட்டிய கரி நிறத்தையும் மணத்தையும் ஈர்க்கும், அமோனியாவை ஈர்க்காது. சில வாரங்களில் அதன் ஆற்றலும் தீர்ந்துவிடும். அடுப்புக் கரி இதற்குப் பதிலாகாது.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறு ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். நீர் கலங்கியதைக் கண்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டி முழுவதையும் வெறுமையாக்கி, பஞ்சையும் ஓட்டுத் துண்டுகளையும் சவர்க்காரமிட்டுக் குழாய் நீரில் அலசி, வெள்ளை வெளேரென வைப்பார். அவ்வாறு செய்தபோது மாதக்கணக்கிற் பெருகிய பற்றீரியாவெல்லாம் அழிந்துபோயின. அடுத்த சில நாட்களில் நீர் முன்னையினும் கெடும். ‘கழுவியும் பயனில்லை’ என்று மீண்டும் கழுவுவார். இப்படியே தொட்டி என்றும் புதுத் தொட்டியாகவே இருந்துவிடும். பஞ்சைக் கழுவவேண்டுமாயின், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரை வாளியில் வைத்து, அதில் இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். ஓட்டுத் துண்டுகளை அடைப்பு ஏற்பட்டாலன்றித் தொடவேண்டாம். பஞ்சைக் கழுவிய அன்றே நீரையும் பெருமளவில் மாற்றலாகாது.

மின்சாரம் பல மணி நேரம் தடைப்பட்டால் வடிகட்டியுள் தேங்கிய நீரில் ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியா இறக்கும். மின்சாரம் வந்தவுடன் அந்த நாறிய நீரைத் தொட்டியுள் விடாது, முதலில் வெளியே ஊற்றிவிடவேண்டும். தொட்டியுள் கை வைக்குமுன் பம்பியின் செருகியைக் கழற்றுவது என்றும் தவறாத பழக்கமாக இருக்கட்டும்.

நீரை மாற்றுதல்

வடிகட்டியுள்ள தொட்டியில் வாரத்துக்கு ஒருமுறை காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு நீரை மாற்றுதல் பொருத்தமாகும். வடிகட்டி இல்லாத சிறு தொட்டியில் நாள்தோறும், தவறினால் ஒருநாள் விட்டு ஒருநாள், முழுவதையும் மாற்றவேண்டியிருக்கும். மேல்நீரை அள்ளுவதிற் பயனில்லை. றப்பர்க் குழாயால் அடியிலுள்ள கசடோடு நீரை இழுக்க வேண்டும்.

மீன்தொட்டிப் பொருள் விற்கும் கடைகளிற் சோதனைத் தாள்கள் கிடைக்கும். அமோனியாவும் நைத்திரைற்றும் சற்றேனும் இருத்தலாகாது. நைத்திரேற்று ஓர் இலீற்றரில் 40 மில்லிகிராமுக்குக் குறைந்திருந்தால் நன்று. ஆனால் ஒன்று: முதலில் கிணற்று நீரையே சோதித்துக்கொள்ளுக. யாழ்ப்பாணக் குடாநாட்டில் செறிவாகப் பயிர் செய்யப்படும் பகுதிகளின் பல கிணறுகளில், உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்த நைத்திரேற்று ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. வயலுக்கு அளவுக்கு மிஞ்சி இட்ட பசளை நிலத்தடி நீரிற் கலந்தமை இதற்கு முக்கிய காரணம். அத்தகைய கிணற்று நீரை எத்தனை வாளி மாற்றினும் தாளின் நிறம் மாறாது. அங்கே மழைநீரைச் சேர்த்துக் கலந்து பயன்படுத்தலாம். ஆமையைப் பற்றிய கவலை ஒருபுறமிருக்க, அந்நீரைக் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கப் பயன்படுத்துவோர் உடனே சுகாதாரப் பகுதியினரின் ஆலோசனையைப் பெறவேண்டும்.

குழாய் நீர் குளோரீன் சேர்ந்தது. அது ஆமையிலும் பார்க்க வடிகட்டியின் பற்றீரியாவையே தாக்கும். ஒருநாள் அகன்ற பாத்திரத்தில் விட்டுவைத்தால் குளோரீன் நீங்கும். பாத்திரத்தின் வாயை நுண்வலையால் இறுகக் கட்டியே வைத்தல் வேண்டும். டெங்கைப் பரப்பும் நுளம்பு முட்டையிடுவது இத்தகைய தெளிந்த, அசையாத நீரிலேதான். ஆமைத் தொட்டிக்கென நீர் சேர்த்து வைத்த பீப்பா வீட்டாருக்கும் அயலாருக்கும் நோய்க்கிடமாகலாகாது. அவ்வாறு வைக்க இயலாதவர் சோடியந்தயோசல்பேற்றுத் துளிகளைப் பயன்படுத்தலாம்.

வெயில் படும் தொட்டியில் நீர் பச்சையாவது நுண்பாசியாலாகும். அது நஞ்சன்று, நைத்திரேற்றும் வெளிச்சமும் மிகுந்துள்ளன என்பதன் அடையாளம். பாசி கொல்லும் மருந்தை இடாது, நிழலைக் கூட்டி நீரை மாற்றினால் தானே நீங்கும். நீரைத் தூய்மையாக்குமென எண்ணி ஆற்றுவாழையைத் தொட்டியில் வளர்க்கலாகாது. குளங்களையும் வாய்க்கால்களையும் அடைத்த அப்பூண்டைத் தடுப்பதற்கென 1909 ஆம் ஆண்டிலேயே இத்தீவில் தனிக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது.

நோயின் அறிகுறிகள்

இமை வீங்கிக் கண் மூடியிருத்தல், தோல் சிவத்தல், ஓட்டில் மெத்தென்ற குழியும் துர்நாற்றமும் தோன்றுதல், தலையின் பக்கத்திற் காதிருக்குமிடம் புடைத்தல் ஆகியன கெட்ட நீரில் வாழும் ஆமையிற் காணப்படும். இமை வீக்கமும் காதுப் புடைப்பும் உயிர்ச்சத்து ஏ குறைவதாலும் வரும். ஓடு முழுவதும் இளகுதல் கல்சியமும் வெயிலும் போதாமையால் வரும். எனவே நீரைத் திருத்திய பின்னும் குணமாகாவிடின் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். வாயைத் திறந்து மூச்சுவிடும் ஆமையையும், ஒருபக்கம் சாய்ந்து மிதக்கும் ஆமையையும் அன்றே கொண்டுசெல்க.

வீட்டாரின் பாதுகாப்பு

நோயற்றதாகத் தோன்றும் ஆமையின் குடலிலும் சல்மொனெல்லா என்னும் பற்றீரியா இருத்தல் கூடும். அது கழிவோடு நீரிற் கலந்து ஓட்டிலும் தொட்டியிலும் பற்றும். மனிதரிடத்தே அது காய்ச்சலையும் கடும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் உயிராபத்தும் விளையலாம். ஐக்கிய அமெரிக்காவில் சிறுபிள்ளைகள் குட்டி ஆமைகளைக் கையாண்டும் வாயில் வைத்தும் பெருந்தொகையாக நோயுற்றமையால், 10 சதமமீற்றருக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை வளர்ப்புப் பிராணியாக விற்பது 1975 ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. நீரை எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் இப்பற்றீரியா முற்றாக நீங்காது. ஆனால் அழுக்கு நீரில் அது பெருகும்.

ஆகையால் ஆமையையோ தொட்டி நீரையோ தொட்ட ஒவ்வொரு முறையும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் வேண்டும். தொட்டிக்கென வைத்த வாளி, பேசின், தூரிகை என்பன வேறெதற்கும் பயன்படலாகா. அவற்றைச் சமையலறைத் தொட்டியிற் கழுவலாகாது. கிணற்றுக் கட்டிலும் கழுவலாகாது. றப்பர்க் குழாயை வாயால் உறிஞ்சி நீரிறக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. ஆமைத் தொட்டியில் அது மிக ஆபத்தானது. குழாய் முழுவதையும் நல்ல நீரால் நிரப்பி, இரு முனைகளையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டி நீருள்ளும் மற்றதைத் தாழ்விலுள்ள வாளியிலும் வைத்துத் திறந்தால் நீர் தானே இறங்கும். இவ்வேலையைச் சிறுபிள்ளைகளிடம் விடலாகாது. ஆமை பிள்ளைக்கென வாங்கப்பட்டதாயினும் தொட்டி கழுவுவது பெரியவரின் கடமை.

கழிவு நீர்

அள்ளிய நீர் நைத்திரேற்றுச் செறிந்த நீர்ப்பசளையாகும். கானுக்குள் ஊற்றுவது வீண். வாழை, தென்னை, செவ்வரத்தை, குரோட்டன் முதலியவற்றின் அடியில் ஊற்றினால் நன்கு பயன்படும். பச்சையாக உண்ணும் வல்லாரை, சலாது, புதினா முதலியவற்றுக்கு ஒருபோதும் ஊற்றலாகாது; முன்னர்க் கூறிய பற்றீரியா இலையிற் படியும். கிணற்றிலிருந்து இயன்றவரை தொலைவிலுள்ள மரங்களுக்கே ஊற்றுதல் வேண்டும். சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றிய நீர் விரைவிலே கிணற்றை அடையும்.

இந்நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடலாகாது. வைத்திருக்க முடியாமற் போன ஆமையையும் அவ்வாறு விடலாகாது. செங்காதாமை எதனையும் உண்டு எங்கும் வாழவல்லது. உலகில் மிகக் கேடு விளைக்கும் அந்நிய உயிரினங்கள் நூறு என இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 1997 ஆம் ஆண்டிலேயே இதன் இறக்குமதியைத் தடைசெய்தது. குளத்தில் விட்டால் நம் பாலாமையினதும் காராமையினதும் உணவையும், வெயில் காயும் இடத்தையும் அது பறிக்கும். தொடர்ந்து வளர்க்க இயலாதோர் மிருக வைத்தியரையோ வனசீவராசிகள் திணைக்களத்தின் அண்மையிலுள்ள அலுவலகத்தையோ அணுகி அறிவுரை பெறலாம்.